நட்டு கழட்டுன கதை: கொஞ்சம் சரித்திரம், கொஞ்சம் மண்ணெண்ணெய்

நம்மூர்ல ஒருத்தனுக்குப் புத்தி சரியில்லைன்னா "மரை கழண்ட கேஸு"ன்னு சொல்லுவோம். நட்டு லூசு, ஸ்க்ரூ லூசு, எல்லாம் ஒரே வகையறா. திட்டுறதுக்குக்கூட கழண்டு போறதைத்தான் சொல்றோமே தவிர கழல மறுக்குறதைச் சொல்றதில்லை. பழைய வண்டி ஒண்ணுக்கு அடியில படுத்து, மூஞ்சியில துரு கொட்டக் கொட்ட ஒரு நட்டோட மல்லுக்கட்டினவங்களுக்குத்தான் தெரியும், உண்மையான கிறுக்கு கழண்ட மரை இல்லை, கழலாத மரைதான்னு.

மாட்டுவண்டிக்கு இந்தத் தொல்லை கிடையாது. அச்சு முனையில ஒரு ஓட்டை, அதுல ஒரு கடையாணி. சக்கரத்தைக் கழட்டணுமா, ஆணியைத் தட்டி உருவு, சக்கரத்தை இழு, முடிஞ்சது. மரை கிடையாது, ஸ்பேனர் கிடையாது. ஆனா மோட்டார் வண்டி ஆக்ஸிலைப் பிரிச்சு மேயுறவனுக்கு முதல் நாளே ஒரு நட்டாவது வழிமறிக்கும். துருதான் காரணம்னு எல்லாரும் சொல்லுவாங்க. பாதி நிஜம். மீதிப் பாதிக்குக் காரணம் வேற ஏதோ தேசத்துல, நூறு நூத்தம்பது வருஷத்துக்கு முன்னாடி கோட்டு போட்ட சில பேர் எடுத்த முடிவுகள். எந்த ஸ்பேனர் பொருந்தும், எந்தப் பக்கம் திருப்பணும்கிற ரெண்டையும் அவங்கதான் தீர்மானிச்சுட்டுப் போனாங்க. அந்தக் கதையைத்தான் சொல்லப்போறேன். கொஞ்சம் பெரிய கொசுவத்தி, பொறுத்துக்கோங்க :-)

1800க்கு முன்னாடி, ஒரு போல்ட்டுக்கு அதுக்குன்னே செஞ்ச நட்டு மட்டும்தான் பொருந்தும். புருஷன் பொண்டாட்டி மாதிரி ஜோடி. பட்டறையில ஒரு மெஷினைப் பிரிச்சா எந்த நட்டு எந்த போல்ட்டோடதுன்னு அடையாளம் போட்டு வைக்கணும், கலந்துட்டா அன்னிக்குப் பொழப்பு போச்சு. ஜேம்ஸ் நாஸ்மித்ங்கிற என்ஜினியர் தன்னோட சுயசரிதையில இந்த அவஸ்தையை நல்லாவே விவரிச்சிருக்கார். அவரோட குரு ஹென்றி மாட்ஸ்லே (1771–1831). லண்டன்ல பட்டறை வச்சிருந்த மாட்ஸ்லே 1800 வாக்குல மரை வெட்டுற லேத்தை ஒழுங்கான ஒரு கருவியா ஆக்கினார். அதுக்கப்புறம்தான் ஒரே மாதிரி மரையைத் திரும்பத் திரும்ப வெட்ட முடிஞ்சது. ஆனா மாட்ஸ்லே பட்டறை நட்டு அடுத்த தெரு பட்டறை போல்ட்டுக்குப் பொருந்தாது. ஒவ்வொரு பட்டறையும் தனி சமஸ்தானம்.

இந்த சமஸ்தானங்களை ஒண்ணாச் சேர்த்தவர் ஜோசப் விட்வொர்த். மாட்ஸ்லே கிட்டயே வேலை பார்த்தவர். கணினியோட கொள்ளுத்தாத்தான்னு நாம கொண்டாடுற சார்லஸ் பாபேஜோட கணக்கு மெஷினைச் செஞ்ச ஜோசப் கிளெமென்ட் பட்டறையிலயும் இருந்திருக்கார். 1833-ல் மான்செஸ்டர்ல தனிக்கடை போட்டார். அவர் செஞ்ச வேலை ரொம்ப சிம்பிள். இங்கிலாந்து முழுக்க இருந்த பட்டறைகள்ல இருந்து போல்ட்டுகளைச் சேகரிச்சார், அளந்தார், நடுவாந்திரமா ஒரு கணக்கைப் பிடிச்சார். 1841-ல் லண்டன் சிவில் என்ஜினியர்கள் சங்கத்துல ஒரு கட்டுரையா சமர்ப்பிச்சார். மரையோட கோணம் 55 டிகிரி. கால் இஞ்ச் போல்ட்டுன்னா ஒரு இஞ்சுக்கு 20 மரை, அரை இஞ்ச்னா 12 மரை, இப்படி ஒரு பட்டியல். புதுசா எதையும் கண்டுபிடிக்கலை, இருக்கறதுல சராசரியை எடுத்து "இனிமே இதுதான்"னு சொன்னார். என்னைக் கேட்டா நீராவி என்ஜினுக்குச் சமமா இதையும் வைக்கலாம்.

பலன் சீக்கிரமே தெரிஞ்சது. 1850களோட நடுவுல கிரிமியா போர். சின்னச் சின்ன பீரங்கிப் படகுகளுக்கு அவசரமா தொண்ணூறு என்ஜின் வேணும்னு கேட்டாங்க. ஜான் பென்ங்கிறவர் வேலையைப் பல பட்டறைகளுக்குப் பிரிச்சுக் கொடுத்து, வந்த பாகங்களைக் கோத்தார். எல்லாரும் விட்வொர்த் மரையில செஞ்சதால கோர்க்க முடிஞ்சது.

இதோட சுபம் போட்டிருக்கலாம். ஆனா அமெரிக்காக்காரன் சும்மா இருப்பானா? 1864-ல் பிலடெல்பியாவுல வில்லியம் செல்லர்ஸ், பிராங்க்ளின் இன்ஸ்டிடியூட்டுல எழுந்து நின்னு, விட்வொர்த் மரை வேண்டாம், நம்ம மரை 60 டிகிரியா இருக்கட்டும்னார். அவர் பக்கம் நியாயம் இருந்தது. 55 டிகிரியைச் சரிபார்க்கிறது கஷ்டம். விட்வொர்த் மரையோட முகட்டையும் பள்ளத்தையும் வளைவா வழிச்சு எடுக்கணும், அதுக்குத் தனித் திறமை வேணும். 60 டிகிரின்னா சமபக்க முக்கோணம், முகட்டை மட்டமா வெட்டிட்டுப் போய்க்கிட்டே இருக்கலாம், சாதாரண லேத்துக்காரனே செஞ்சிடுவான். 1868-ல் அமெரிக்கக் கடற்படை ஏத்துக்கிச்சு, ரயில்வேக்கள் பின்னாடியே வந்தன.

இப்போ வில்லங்கத்தைக் கவனிங்க. ரெண்டு பட்டியல்லயும் பல அளவுகளுக்கு மரை எண்ணிக்கை ஒண்ணுதான். கால் இஞ்சுக்கு அங்கேயும் 20, இங்கேயும் 20. கோணம்தான் வேற. அதனால இங்கிலீஷ் நட்டு அமெரிக்க போல்ட்டுல "கொஞ்சம் டைட்டா இருக்கே"ன்னு முனகிக்கிட்டே ஏறிடும். அரை இஞ்சுல மட்டும் அங்கே 12, இங்கே 13. நாலு சுத்து நல்லாப் போகும், அப்புறம் பிடிச்சுக்கும். பலசாலி ஒருத்தன் ஸ்பேனர் போட்டு "போவுதுல்ல"ன்னு மேல ஏத்திட்டான்னா முடிஞ்சது. அடுத்த தலைமுறையில அதைக் கழட்ட வர்றவன் துருன்னு நினைச்சு எண்ணெய் ஊத்திக்கிட்டு உக்காந்திருப்பான். அது துரு இல்லை. மான்செஸ்டருக்கும் பிலடெல்பியாவுக்கும் நடந்த வாய்க்கா தகராறு.

மரை பொருந்தாததால உயிரே போற நிலைமையும் வந்திருக்கு. 1904 பிப்ரவரியில பால்டிமோர் நகரம் பத்தி எரிஞ்சப்போ வாஷிங்டன், பிலடெல்பியான்னு பக்கத்து ஊர்கள்ல இருந்து தீயணைப்பு வண்டிகள் ஓடி வந்தன. வந்து என்ன? அவங்க குழாய் முனை பால்டிமோர் ஹைட்ரண்ட்டுல மாட்டலை, ஊருக்கு ஒரு மரை! 1,500க்கு மேல கட்டிடங்கள் எரிஞ்சு போச்சு.

மரை ஒரு பக்கம்னா ஸ்பேனர் இன்னொரு பக்கம். விட்வொர்த் ஸ்பேனர்ல 1/2ன்னு எழுதியிருந்தா வாய் அரை இஞ்ச்னு நினைச்சுக்காதீங்க. அது போல்ட்டோட தண்டு அளவு. வாயோட அகலம் 0.92 இஞ்ச். அமெரிக்க ஸ்பேனர்ல 1/2ன்னு இருந்தா வாயே அரை இஞ்ச்தான். ரெண்டுலயும் 1/2ன்னு எழுதியிருக்கும், ஒண்ணு இன்னொண்ணைவிடக் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு! இதோட மெட்ரிக்கைச் சேருங்க. விட்வொர்த் 1/4 ஸ்பேனரோட வாய் 13.3 மில்லிமீட்டர். 13 மாட்டாது, 14 மாட்டும். மாட்டும்கிறதுதான் பிரச்சினை. மாட்டி, பலமா ஒரு இழு இழுத்தா ஆறு முனையும் வழிச்சுக்கும். நம்ம பட்டறை பாஷையில "நட்டு ரவுண்டாயிடுச்சு". அதுக்கப்புறம் எந்த ஸ்பேனரும் கிடையாது, உளியும் சுத்தியலும்தான். பழைய வண்டிகள்ல முக்காவாசி கழலாத நட்டுகள், முன்னாடி எவனோ தப்பான ஸ்பேனரால கெடுத்து வச்ச நட்டுகள்தான்.

இந்தக் குழப்பத்தோட உச்சகட்டக் காமெடி மோரிஸ் கம்பெனியில நடந்தது. முதல் உலகப் போர் சமயத்துல ஹாட்ச்கிஸ்ங்கிற பிரெஞ்சுக் கம்பெனி, இங்கிலாந்துல கோவென்ட்ரியில துப்பாக்கி செய்ய ஒரு ஃபாக்டரி போட்டது. பிரெஞ்சுக்காரன் கொண்டு வந்த மெஷின் எல்லாம் மெட்ரிக் மரை வெட்டுற மெஷின். போர் முடிஞ்சதும் துப்பாக்கிக்கு வேலையில்லை, மோரிஸ் காருக்கு என்ஜின் செஞ்சு கொடுக்க ஆரம்பிச்சாங்க. 1923-ல் மோரிஸ் அந்த ஃபாக்டரியையே வாங்கிட்டார். மெஷினெல்லாம் மாத்தணும்னா செலவு. மெட்ரிக் போல்ட்டோட காரை வித்தா, இங்கிலாந்துல எந்த மெக்கானிக் கிட்டயும் மெட்ரிக் ஸ்பேனர் கிடையாது. என்ன பண்ணினாங்க தெரியுமா? மரை மெட்ரிக், தலை மட்டும் விட்வொர்த்! உள்ளே பிரெஞ்சு, வெளியே இங்கிலீஷ். எம்.ஜி. ஸ்போர்ட்ஸ் கார்கள்ல இந்த வம்சத்து என்ஜின்கள் 1955 வரைக்கும் வந்தன. இன்னிக்கும் அந்தக் கார்களைப் புதுப்பிக்கிறவங்க, தலையைப் பார்த்து இங்கிலீஷ் நட்டுன்னு நம்பி, கடையில இங்கிலீஷ் நட்டு வாங்கி வந்து ஏத்திப் பார்த்துட்டு தலையில கைவச்சு உக்காருவாங்க. கேலியா சொன்னாலும், அந்த முடிவை எடுத்த ஆள் மேல எனக்கு மரியாதை உண்டு. தெருமுனை மெக்கானிக் பெட்டியில என்ன ஸ்பேனர் இருக்கும்னு யோசிச்ச கம்பெனிக்காரங்க ரொம்ப கம்மி.

சண்டையை நிறுத்தினது இன்னொரு சண்டைதான். ரெண்டாம் உலகப் போர்ல ரோல்ஸ்ராய்ஸ் மெர்லின் விமான என்ஜினை அமெரிக்காவுல பாக்கார்டு கம்பெனி செய்ய ஒப்புக்கிச்சு. என்ஜின் முழுக்க இங்கிலீஷ் மரைகள். அந்த மரையை வெட்டுற கருவி அமெரிக்காவுல கிடைக்கலை, பாக்கார்டே அதையும் சேர்த்துச் செய்ய வேண்டியதாப் போச்சு. இப்படிப் பட்ட பாட்டுக்கு அப்புறம், 1948 நவம்பர்ல அமெரிக்கா, இங்கிலாந்து, கனடா மூணு தேசமும் வாஷிங்டன்ல உக்காந்து பொது மரைக்குக் கையெழுத்து போட்டன. கோணம் 60 டிகிரி. அதாவது செல்லர்ஸ் ஜெயிச்சுட்டார், 84 வருஷம் கழிச்சு. மெட்ரிக்காரங்க தனிப் பந்தியில சாப்பிட்டுக்கிட்டிருந்தாங்க. அவங்க கோணமும் 60தான், ஆனா அளவுகள் வேற.

இதெல்லாம் நமக்கு எதுக்குன்னா, இந்த மூணு பந்தி எச்சில் இலையும் நம்ம தெருவுல வந்து விழுந்தது. போர் முடிஞ்சு 1940களோட கடைசியில மகிந்திரா, வில்லிஸ் ஜீப்பை பம்பாயில கோர்க்க ஆரம்பிச்சாங்க. அது அமெரிக்க மரை. 1955-ல் சென்னையில என்ஃபீல்டு இந்தியா தொடங்கி, திருவொற்றியூர்ல புல்லட் வர ஆரம்பிச்சுது. அது இங்கிலீஷ் மரை, ரொம்ப வருஷம் அப்படியே இருந்தது. ஃபியட்டு வந்தது, அது இத்தாலி, மெட்ரிக். இதுக்கு நடுவுல 1956-ல் சட்டம் போட்டு 1958-ல் இருந்து தேசமே படிப்படியா மெட்ரிக்குக்கு மாறுது. ஆக ஒரு சாதாரண தமிழ்நாட்டு ஒர்க்‌ஷாப் பெட்டியில மூணு வம்சத்து ஸ்பேனர் இருந்தாகணும். பழைய மெக்கானிக்குகள் நட்டை ஒரு தடவை தடவிப் பார்த்துட்டு சரியான ஸ்பேனரை எடுக்கிறதை மாய மந்திரம்னு நினைச்சிருக்கேன். மந்திரமெல்லாம் இல்லை, மூணு தேசத்துச் சரித்திரம் அவங்க விரல்ல இருந்தது.

சரி, திசைக்கு வருவோம். இதை எனக்குப் புரிய வச்சது போடிநாயக்கனூர்ல ஒரு ஷெட். போடி, கம்பம் பக்கம் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏத்திக்கிட்டுப் போற ஜீப்புகளைப் பார்த்திருப்பீங்க. நண்பர் ஒருத்தர் 1960கள்ல வந்த பழைய சிஜே-3பி ஒண்ணை வாங்கிப் போட்டிருந்தார். 1953-ல் வில்லிஸ் கொண்டு வந்த மாடல், பானெட் கொஞ்சம் தூக்கலா இருக்குமே, அது. பின் ஆக்ஸிலை முழுக்கப் பிரிச்சு பேரிங்கு, சீலு எல்லாம் மாத்தணும்னு திட்டம். நண்பருக்கு இதுதான் முதல் ஆக்ஸில். நான் டீ வாங்கி வர்றதுக்கும் டார்ச் பிடிக்கறதுக்கும் போயிருந்தேன்.

வலது பக்கச் சக்கரம் அஞ்சு நிமிஷத்துல கழண்டுடுச்சு. இடது பக்கம் அஞ்சு நட்டும் அசையலை. நண்பரோட அக்கா பையன், நல்ல தாட்டியான ஆளு, "மாமா, பைப்பு போட்டா வந்துரும்"னுட்டு ஸ்பேனர் பிடியில ஒரு மீட்டர் ஜிஐ பைப்பை மாட்டினான். ஏறி நின்னே மிதிச்சான். கணக்குப் போட்டுப் பாருங்க. எழுபது கிலோ ஆளு, ஒரு மீட்டர் நீளம். அந்த அளவு நட்டை இறுக்கத் தேவையான பலத்துக்கு ஆறேழு மடங்கு. டப்புன்னு ஒரு சத்தம். நட்டு வரலை, ஸ்டட்டு பாதியில முறிஞ்சு வந்தது.

அப்பதான் பக்கத்து ஷெட்டுல இருந்து வயசான மெக்கானிக் ஒருத்தர் எட்டிப் பார்த்தார். "ஏய் தம்பி, மொதல்ல எறங்கு. எடது சக்கரம்ல அது?"ன்னு கேட்டுட்டே வந்து, அடுத்த ஸ்டட்டோட முனையில இருந்த மண்ணைக் கட்டை விரலால துடைச்சார். சின்னதா ஒரு எழுத்து, இங்கிலீஷ் "எல்".

"லெஃப்ட்டு மரை. நீங்க கழட்டலை, இம்புட்டு நேரமும் இறுக்கிக்கிட்டு இருந்தீக."

"எதுக்குண்ணே ஒரு பக்கம் மட்டும் இப்படி வச்சான்?" நண்பர் கேட்டார்.

"ஓடயில கழண்டுறக் கூடாதுல்ல, அதுக்குத்தான்."

அவர் ஸ்பேனரை வாங்கி, இறுக்குற திசையில, அதாவது நமக்கு இறுக்குற திசைன்னு தோணுற பக்கம், ஒரு தட்டு தட்டினார். கீச்சுன்னு ஒரு சத்தத்தோட நட்டு அசைஞ்சது. பைப்பே தேவைப்படலை.

போர்க்கால ஜீப்புல இருந்தே இந்த ஏற்பாடு உண்டு. வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கு மேல செஞ்சு தள்ளின ஜீப்புகள்ல இடது சக்கரத்துக்கு இடது மரைதான். அமெரிக்காவுல கிரைஸ்லர் கார்கள்ல 1960கள் முழுக்க இருந்தது. எதுக்குன்னு கேட்டா பொதுவா சொல்ற பதில், பிரேக் போடும்போது சக்கரம் நிக்கும், நட்டு பழைய வேகத்துல சுத்தப் பார்க்கும்னு. கேட்க நல்லா இருக்கு, ஆனா நட்டோட எடைக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. நிஜமான காரணம் நுணுக்கமானது. ஒரு பென்சிலை எடுத்து இடது கை முஷ்டிக்குள்ள தளர்வா பிடிங்க. வெளியே நீட்டிக்கிட்டிருக்கற முனையை வலது கையால வட்டமா சுத்துங்க. பென்சில் முஷ்டிக்குள்ள எதிர்த்திசையில மெதுவா உருளும். சக்கரத்துலயும் இதுதான். வண்டி எடை எப்பவும் கீழ்நோக்கி அழுத்துது, சக்கரம் சுத்துது, அப்போ நட்டோட பார்வையில அந்த அழுத்தம் அதைச் சுத்தி சுத்தி வருது. நட்டுக்கும் ஓட்டைக்கும் நடுவுல துளி இடைவெளி இருந்தாப் போதும், நட்டு ஓட்டைக்குள்ள உருள ஆரம்பிச்சுடும். வலது சக்கரத்துல அந்த உருளல் சாதாரண மரையை இறுக்கும், இடது சக்கரத்துல கழட்டும். அதனால இடதுக்கு மரையை மாத்தி வெட்டினாங்க.

சைக்கிள் இடது பெடல்ல தலைகீழ் மரை இருக்கே, அதுவும் இதே சங்கதிதான். விமானத்துக்கு முன்னாடி ரைட் சகோதரர்கள் சைக்கிள் கடை வச்சிருந்தாங்கல்ல, 1900-ல் அவங்க தங்களோட சைக்கிளுக்குக் கொடுத்த விளம்பரத்துல இதை ஒரு சிறப்பம்சமா சொல்லியிருக்காங்க. வீட்டுல டேபிள் ஃபேன் இறக்கையைக் கழட்டியிருந்தா அங்கேயும் பார்த்திருப்பீங்க.

அப்புறம் ஏன் இப்போ கார்கள்ல இது இல்லை? நட்டோட அடிப்பக்கத்தைக் கூம்பா செஞ்சு, கூம்பு வடிவ ஓட்டையில உக்கார வச்சு சரியா இறுக்கினா இடைவெளியே இருக்காது, இடைவெளி இல்லைன்னா உருளலும் இல்லை. ரெண்டு வகை மரை வெட்டுறதும், ரெண்டு வகை உதிரி பாகம் வைக்கறதும் வீண் செலவுன்னு ஒவ்வொருத்தரா விட்டுட்டாங்க. அது சரியான முடிவுதான்னு நினைக்கிறேன். முறிஞ்சு போற ஸ்டட்டு, கழண்டு போற நட்டை விடக் குறைச்சல் ஆபத்து ஒண்ணும் இல்லையே. மலை ரோட்டுல பத்துப் பதினஞ்சு பேரை ஏத்திக்கிட்டு இறங்குற வண்டியில, பலம் போட்டு பாதி விரிசல் விட்ட ஸ்டட்டு எப்போ போகும்னு யார் கண்டா? அந்தப் பெரியவர் முறிஞ்ச ஒண்ணோட விடலை, அந்தச் சக்கரத்துல அஞ்சு ஸ்டட்டையும் மாத்தச் சொன்னார். நண்பர் முணுமுணுத்துக்கிட்டே மாத்தினார்.

சக்கரம் போனப்புறம்தான் அசல் வில்லன் தரிசனம் கொடுத்தார். ஆக்ஸில் முனையில நடுவுல இருக்கற பெரிய நட்டு. இதுல ஒரு குசும்பு பாருங்க. சுத்தி இருந்த அஞ்சும் இடது மரை, நடுவுல இருக்கறது சாதாரண வலது மரை! ஒரே சக்கரத்துல ரெண்டு சட்டம். காரணம், அந்த நட்டு ஓட்டைக்குள்ள உருள வழியில்லை. ஆக்ஸில் முனை கூம்பா இருக்கும், ஹப் அதுல சாவிக்கட்டையோட இறுகி உக்காந்திருக்கும், நட்டு தலையில வெட்டு விட்டு ஸ்பிளிட் பின் வேற குத்தியிருக்கும். நட்டு நினைச்சாலும் திரும்ப முடியாது.

ஸ்பிளிட் பின் துருவோட துருவா கரைஞ்சு போயிருந்தது, அதை ட்ரில் போட்டு எடுத்தாங்க. நட்டு அசையலை. இது உண்மையான துரு. இரும்பு துருப்பிடிச்சா சன்னமாகும்னு நாம நினைக்கிறோம். துரு, தான் தின்ன இரும்பை விட ரெண்டு மடங்குக்கும் மேல இடத்தை அடைக்கும். மரை இடுக்குல அது உப்பிக்கிட்டே போய் ஆப்பு அடிச்ச மாதிரி ஆயிடும். புதுசா இறுக்கின நட்டைக் கழட்ட, இறுக்கினதை விடக் கம்மி பலம் போதும், மரையோட சரிவே நமக்கு ஒத்தாசை பண்ணும். துரு வந்துட்டா அந்தக் கணக்கெல்லாம் தலைகீழ்.

நண்பர் ஸ்ப்ரே டப்பாவை எடுத்தார், டபிள்யூடி-40. அதுக்கும் ஒரு பூர்வீகம் உண்டு. 1953-ல் அமெரிக்காவுல சான் டியேகோவுல ராக்கெட் கெமிக்கல் கம்பெனின்னு சின்னக் கம்பெனி, ஈரத்தை விரட்டுற ஒரு திரவத்துக்கு முயற்சி பண்ணிக்கிட்டிருந்தாங்க. நாப்பதாவது கலவை பலிச்சுது, அதான் 40. அட்லஸ் ஏவுகணையோட தோல் துருப்பிடிக்காம இருக்க அதைப் பூசினாங்க. அதாவது அது துரு வராம தடுக்க வந்தது, வந்த துருவுக்குள்ள நுழையறதுக்காகப் பிறந்தது இல்லை. ஓரளவு நுழையும், அவ்வளவுதான். பெரியவர் அந்த டப்பாவை ஒரு பார்வை பார்த்துட்டு, மண்ணெண்ணெய்ல முக்கின துணியை நட்டைச் சுத்திக் கட்டிட்டு, "காலையில பாப்போம்"னுட்டுப் போயிட்டார். ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை நட்டோட ஆறு முகத்துலயும் சுத்தியலால மெதுவா தட்டி வைக்கச் சொன்னார். அடிக்கறது இல்லை, தட்டறது. அதிர்வுல துருவுல கீறல் விழும், கீறல்ல எண்ணெய் இறங்கும்.

மறுநாள் காலையிலயும் வரலை. கேஸ் வெல்டிங் செட்டைக் கொண்டு வந்தாங்க. 1903-ல் பிரான்சுல ஃபூஷே, பிக்கார்னு ரெண்டு பேர் உண்டாக்கின ஆக்சி-அசிட்டிலீன் டார்ச்சோட வாரிசு. ஒரு சுவாரஸ்யம், அந்த அசிட்டிலீன் சிலிண்டர்ல மாட்டுற நட்டும் இடது மரை. ஆக்சிஜன் குழாயைத் தப்பித் தவறி அசிட்டிலீன்ல மாட்டிடக் கூடாதுன்னு வேணும்னே மாத்தி வச்சது. நட்டோட முனைகள்ல சின்னதா ஒரு வெட்டு இருக்கும், அதுதான் இடது மரைக்கு அடையாளம். இங்கே பொருந்தாமை ஒரு பாதுகாப்பு. சரித்திரத்துல யாரோ ஒருத்தர் பொருந்தாத மரையை நல்ல காரியத்துக்கும் பயன்படுத்தியிருக்கார்னு சந்தோஷப்பட்டுக்கலாம்.

சூடு என்ன பண்ணும்? 25 மில்லிமீட்டர் ஓட்டை உள்ள நட்டை 200 டிகிரி சூடேத்தினா ஓட்டை 0.06 மில்லிமீட்டர் விரியும். ஒரு தலைமுடி தடிமன். அவ்வளவுதானான்னு தோணும், ஆனா துருவோட பிடி நழுவ அது போதும். இதை வெள்ளைக்காரன் சொல்லித்தான் நமக்குத் தெரியணும்னு இல்லை. மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போடுறதைப் பார்த்தவங்களைக் கேளுங்க. பட்டாவை வரட்டி நெருப்புல பழுக்கக் காய்ச்சி, விரிஞ்சிருக்கும்போதே மரச் சக்கரத்து மேல இறக்கி, தண்ணியை ஊத்துவாங்க. சுருங்கி இறுகினா ஆயுசுக்கும் அசையாது. இங்கே அதையே கழட்டுறதுக்குப் பயன்படுத்துறோம். பெரியவர் நட்டை மட்டும் சூடு காட்டினார், தண்டுல படாம. உள்ளே சீலு, கிரீஸு எல்லாம் இருக்கு, கொஞ்சம் அசந்தா ஆக்ஸிலோட பதமும் போயிடும். நட்டு செவக்க விடலை. புகை கிளம்பினதும் நெருப்பை எடுத்துட்டு, ஒரு மெழுகுவர்த்தியை மரை ஓரத்துல வச்சார். மெழுகு உருகி, யாரோ உறிஞ்சற மாதிரி உள்ளே போச்சு.

அப்புறம்தான் ஸ்பேனர். நாலடி பைப்பு இல்லை, ரெண்டடி. முதல்ல இறுக்குற பக்கம் துளி, அப்புறம் கழட்டுற பக்கம் துளி. அப்படி அஞ்சாறு தடவை ஆட்டினதுக்கப்புறம் "டக்"குனு ஒரு சத்தம். அந்த சத்தத்தைக் கேட்டவங்களுக்குத்தான் அதோட சுகம் தெரியும்.

நண்பர் ஆர்வத்துல நட்டை முழுசா உருவப் போனார். பெரியவர் கையைப் பிடிச்சு நிறுத்திட்டார். "பாதியில நிக்கட்டும் தம்பி. ஹப்பு கூம்புல இருந்து விடும்போது பாய்ஞ்சு வரும், நட்டுதான் தடுக்கணும்." நாலு மரை மிச்சம் இருக்கறப்பவே புல்லரை மாட்டி இறுக்கி, புல்லரோட தலையில ஒரு அடி. துப்பாக்கி வெடிச்ச மாதிரி சத்தம், ஹப்பு ஒரு விரல்கடை முன்னாடி வந்து நட்டுல மோதி நின்னுது. நட்டு மட்டும் இல்லைன்னா அந்த இரும்புக் கனம் நேரா முழங்கால்லதான்.

உள்ளே பேரிங்கு நீலம் பாரிச்சு, சீலு அப்பளம் மாதிரி உடைஞ்சு கிடந்தது. எல்லாம் மாத்தி, நட்டு மரையில கிரீஸ் லேசாத் தடவி, புது ஸ்பிளிட் பின் குத்தி மூடினாங்க. சக்கர நட்டுகளுக்கு மட்டும் எண்ணெய் கூடாதுன்னுட்டார் பெரியவர், காய்ஞ்ச மரையிலதான் இறுக்கணும், வழுக்கினா அளவுக்கு மீறி இறுகிடும்னு. கடைசியா நண்பரோட அக்கா பையன் சிவப்பு பெயிண்ட்டை எடுத்துட்டு வந்து, இடது பின் சக்கரத்து ரிம்முல "ஒல்டா" அப்படின்னு எழுதினான். பெரியவர் படிச்சுட்டு, "முன்னாடி சக்கரத்துலயும் எழுதுடா, அதுவும் எடதுதான்"னார்.